ஆவாரங்குச்சியும் நானோத் துகளும்

பெங்களூரு சிவாஜிநகரில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் சந்துகளை அங்குள்ளோர் குஜிரி என்பார்கள். 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைமுகாமை ஒட்டி வளர்ந்த பகுதி அது. சென்னை மாகாணப் படையோடு வந்து தங்கிய தமிழர்களும் உருது பேசும் முஸ்லிம்களும் அதன் பழங்குடியினர். பிளாக்பள்ளி என்பது அதன் முந்தைய பெயர். பிரித்தெடுத்த வண்டிகளின் எஞ்சின், கதவு, சைலன்சர், டயர் எல்லாம் குஜிரியில் வகைவகையாகக் குவிந்து கிடக்கும். நானோப் பொருட்களின் தொழிற்பயன்களை விளக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் சூரிய மின்கலத்திலோ புற்றுநோய் மருந்திலோ தொடங்குகின்றன. அவை இத்தகைய ஒரு சந்தில் தொடங்கியிருந்தால் வரலாற்றுக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். உலகில் மிகுந்த அளவில் உற்பத்தியாகும் நானோப் பொருட்களுள் ஒன்று அங்கே அடுக்கிவைத்த டயர்களில் இருக்கிறது.

இயற்கை ரப்பர் கருப்பு நிறமுடையதன்று. தொடக்ககால டயர்களும் வெளிறிய நிறத்தவையே. மிஷலான் நிறுவனத்தின் விளம்பர மனிதன் இன்றும் வெள்ளையாக இருப்பது அந்தக் காலத்தின் எச்சம். 1904இல் லண்டன் சில்வர்டவுனில் எஸ். சி. மோட் என்பவர் ரப்பரோடு கரிப்புகைத்தூளைக் கலந்தால் அதன் வலிமை கூடுவதைக் கண்டார். 1912 வாக்கில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் அதை டயர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. கார்பன் பிளாக் என்று தொழில்துறை அழைக்கும் அந்தத் தூள், எரிவாயுவையோ எண்ணெயையோ போதிய காற்றின்றி எரித்துப் பெறப்படுவது. ரப்பருக்குப் பயன்படும் வகைகளின் அடிப்படைத் துகள்கள் சில பத்து நானோமீட்டர் விட்டமுள்ளவை. அவை கொத்துக் கொத்தாக ஒட்டிப் பிணைந்து, ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. டயரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இதுதான். இது இல்லாத டயர் சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். இந்தியாவில் பிலிப்ஸ் கார்பன் பிளாக் நிறுவனம் 1960இல் தொடங்கப்பட்டது. உலக உற்பத்தி இன்று ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல். நானோ என்ற முன்னொட்டு அறிவியல் வழக்கில் பரவுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தத் தொழில் முதிர்ந்துவிட்டது.

ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஏதேனும் ஒரு பரிமாணமாவது ஒன்று முதல் நூறு நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளை நானோப் பொருள் என்பது பொது வழக்கு. எத்தனை பரிமாணங்கள் அந்த எல்லையைத் தாண்டி நீள்கின்றன என்பதை வைத்து வகை பிரிப்பார்கள். மூன்றுமே எல்லைக்குள் அடங்கினால் பூச்சியப் பரிமாணத் துகள். ஒன்று மட்டும் நீண்டால் கம்பி அல்லது குழாய். இரண்டு நீண்டால் ஏடு. இவற்றால் ஆன திரண்ட பொருள் முப்பரிமாண வகை. வேதியியல் நோக்கில் கார்பன், உலோகம், உலோக ஆக்சைடு, குறைகடத்தி, பல்லுறுப்பி என்று பிரிப்பதும் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இந்தப் பட்டியலை மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் எந்தத் துகளை எண்ணுவது, எப்படி எண்ணுவது என்ற கேள்வி பட்டியலில் இருப்பதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2011இல் பரிந்துரைத்த வரையறைதான் அதை வெளிப்படையாக எடுத்துக்கொண்டது. எடையைக் கொண்டு பார்க்காமல் எண்ணிக்கையைக் கொண்டு பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்ட துகள்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். கொத்தாகப் பிணைந்தவற்றின் உட்துகள்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றது. அந்த வரையறையின்படி, நூறாண்டுகளாக டயரில் உருண்டுகொண்டிருந்த கரித்தூள் நானோப் பொருள் ஆயிற்று. பொருள் மாறவில்லை, அளக்கும் முறை வந்து சேர்ந்தது.

இதே கதை வேறு பொருட்களுக்கும் பொருந்தும். 1942இல் ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹாரி குளோப்பர், கார்பன் பிளாக்குக்கு மாற்றாக வெண்ணிறத் தூள் ஒன்றைத் தேடிப் புகைச்சிலிக்காவை உருவாக்கினார். ஏரோசில் என்ற பெயரில் அது வண்ணப்பூச்சு வழிந்துவிடாமல் காக்கவும், பசைகளைக் கெட்டியாக்கவும், மருந்துத் தூள் கட்டிபிடிக்காமல் இருக்கவும் உதவுகிறது. டைட்டானியம் டைஆக்சைடின் கதை சற்று வேறுபட்டது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் தாதுவிலிருந்து அதை எடுக்கலாம். திருவனந்தபுரத்தில் 1946 முதல் அதற்கென ஓர் ஆலை உண்டு. வெள்ளை வண்ணப்பூச்சுக்குரிய வகை 200 முதல் 300 நானோமீட்டர் அளவினது. ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பது அந்த அளவே. அதையே பத்தில் ஒரு பங்காகச் சிறுக்கினால் வெண்மை மறைந்து, புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் தெளிந்த பூச்சாகிறது. வெயில்காப்புக் களிம்புகளில் இருப்பது இது. ஒரே சேர்மம், இரண்டு அளவு, இரண்டு தொழில்.

மீண்டும் குஜிரியில் கிடக்கும் சைலன்சர் ஒன்றைப் பார்க்கலாம். 1995 முதல் இந்தியப் பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட வினையூக்கி மாற்றி, அந்தப் புகைபோக்கி வரிசையிலேயே ஓர் உருளையாக அமைந்திருக்கிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சில நானோமீட்டர் துகள்களாகப் படிந்து, கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கேடு குறைந்த வாயுக்களாக மாற்றுகின்றன. பழைய மாற்றிகளுக்குக் கழிவுச் சந்தையில் விலை இருப்பதன் காரணமும் அந்த உலோகங்களே.

தொழிற்சாலைகள் பெயரறியாமல் நானோப் பொருளைப் பயன்படுத்திய காலம் இருபதாம் நூற்றாண்டோடு நின்றுவிடுவதில்லை. பெங்களூரு அமைந்துள்ள மேட்டுநிலமும் அதன் தெற்கே சேலம், கொங்கு வட்டாரங்களும் இன்னும் பழைய ஒரு தொழிலின் நிலங்கள். கொடுமணலில் கா. ராஜன் உள்ளிட்டோர் 1980களிலிருந்து நடத்திய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன. தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் எஃகு மூசைகளின் எச்சங்களை இனங்கண்டவர் பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சாரதா ஸ்ரீநிவாசன். இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியலாளர் எஸ். ரங்கநாதனோடு சேர்ந்து அவர் 2004இல் வெளியிட்ட நூல், இந்த எஃகைப் பண்டை உலகின் உயர்தரப் பொருள் என்றே அறிமுகப்படுத்துகிறது. ஆங்கிலேயர் அதை வூட்ஸ் என்று எழுதினர். கன்னடத்தின் உக்கு என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பது பரவலான கருத்து. தமிழில் அது உருக்கு.

1800இல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டை ஆராய வந்த மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், பெங்களூருக்கு மேற்கே மாகடிப் பகுதியில் எஃகு செய்யும் முறையைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். சுடாத களிமண் மூசைக்குள் ஓர் இரும்புத் துண்டு, ஓர் அளவு ஆவாரங்குச்சி, அகன்ற பச்சை இலை இரண்டு. பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைத்து ஊதுவார்கள். சேலம் பக்கத்துக் குறிப்புகள் எருக்கிலையையும் சொல்கின்றன. குச்சியும் இலையும் கரிந்து தரும் கார்பன் இரும்பில் கரைந்து, ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை கார்பன் உள்ள எஃகுக் கட்டியாகிறது. அந்தக் கட்டிகள் பாரசீகத்துக்கும் மேற்காசியாவுக்கும் கப்பலேறி, நீரோட்டம் போன்ற வரிகளுடைய வாள்களாயின. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்தது அவற்றைத்தான்.

ஐரோப்பிய வேதியியல் இந்த எஃகின் முன் நெடுங்காலம் திகைத்து நின்றது. பம்பாயிலிருந்து வந்த மாதிரிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் அரசக் கழகத்துக்குக் கட்டுரை அளித்தார். 1819இல் அதைப் பகுத்தாய்ந்தவர் கொல்லரின் மகனான மைக்கேல் பாரடே. கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து அவர் எஃகோடு பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் எனப் பலவற்றைக் கலந்து பார்த்தார். உருக்கின் சிறப்புக்குச் சிலிக்காவும் அலுமினாவும் காரணம் என்பது அவர் கண்ட முடிவு, அது தவறு. கார்பன் மிகுதியே காரணம் என்று 1820களில் பாரிஸ் நாணயச்சாலையின் பிரெயான் சொன்னது உண்மைக்கு அருகில் வந்தது. ஜோசியா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கி நட்டமடைந்தார். இங்கிலாந்து திரும்பிய பின் 1839இல் மாங்கனீசைக் கொண்டு எஃகைத் திருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்; ஷெஃபீல்டு செழித்தது, அவரோ வழக்குகளில் அலைந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மூசை உருக்கின் உலைகள் பெரும்பாலும் அணைந்துவிட்டன. இறக்குமதி எஃகின் மலிவு, காட்டுச் சட்டங்களால் கரி கிடைக்காமை என்று வரலாற்றாசிரியர்கள் காரணம் சொல்வார்கள். அவை மெய்யே. உலோகவியலாளர் ஜான் வெர்கோவன், கத்திக் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயோடு இணைந்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது. வாளின் வரிகளுக்குத் தாதுவில் மிக நுண்ணிய அளவில் இருந்த வனேடியம் போன்ற கலப்புகள் தேவை. அந்தத் தாது தீர்ந்து வேறு தாது வந்தபோது, அதே ஆவாரங்குச்சி, அதே இலை, அதே உலை இருந்தும் வரிகள் வராமல் போயிருக்கலாம். கொல்லர் செய்முறையில் பிழை இராது. ஆனால் எது மாறியது என்று அறிய அவரிடம் கருவி இல்லை.

2006 நவம்பரில் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை இந்தக் கதைக்குப் புதிய பெயர் தந்தது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பவுஃப்ளர் குழுவினர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள பதினேழாம் நூற்றாண்டு வாளொன்றின் துணுக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சியதை ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தனர். வாளை அடித்தவர் பாரசீகத்தின் அசத் உல்லா. எச்சத்தில் கார்பன் நானோக் குழாய்கள் தெரிந்தன. சிலவற்றுள் சிமென்டைட் எனும் இரும்புக் கார்பைடு மெல்லிய கம்பியாகப் பொதிந்திருந்தது. ஆவாரை, எருக்கு போன்ற தாவரக் கார்பனும் தாதுவிலிருந்த கலப்பு உலோகங்களும் சேர்ந்து வினையூக்கியாகச் செயல்பட்டு இவற்றை வளர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வெர்கோவன் ஐயம் தெரிவித்தார். சிமென்டைட் தானாகவே கோல் வடிவில் இருக்கக்கூடியது, குழாய் என்று தோன்றுவது அதுவாகவும் இருக்கலாம் என்றார். 2020இல் கீழடிப் பானையோடுகளின் உட்புறக் கரும்பூச்சில் கார்பன் நானோக் குழாய்கள் இருப்பதாக வேலூர் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் அறிவித்தனர். பூசப்பட்ட தாவரச் சாறு உயர்வெப்பத்தில் இவ்வாறு மாறியிருக்கலாம் என்று அவர்களும் விளக்கினர்.

இவ்விரு கட்டுரைகளையும் மேற்கோள் காட்டி, தமிழர் நானோத் தொழில்நுட்பம் அறிந்திருந்தனர் என்று கருத்தரங்கங்களில் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த வாக்கியம் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் கொல்லருக்கும் குயவருக்கும் நீதி செய்வதில்லை. எந்த வெப்பத்தில் மூசையை எடுப்பது, எவ்வளவு மெதுவாக ஆறவிடுவது, வாளாக அடிக்கும்போது எந்த நிறத்துக்கு மேல் சூடாக்கலாகாது என்பவை தலைமுறைகளாகக் கைமாறி வந்த அறிவு. அதன் பெருமை அதற்குள்ளேயே இருக்கிறது. குழாய் தெரிந்ததால் வந்ததன்று. விளக்குக்கரியில் கண்மை கூட்டிய பாட்டியும் சில பத்து நானோமீட்டர் துகளைத்தான் கையாண்டிருப்பார். அவரை நானோ அறிவியலாளர் என்றால் அவரே சிரிப்பார்.

பாரடே கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. உருக்கின் மர்மத்தில் தோற்ற அவர், 1857இல் பொன்னின் பக்கம் திரும்பினார். தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரசைக் கொண்டு ஒடுக்கியபோது மாணிக்கச் சிவப்பு நிறத் திரவம் கிடைத்தது. பொன் கரைந்துவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதக்கிறது, நிறம் அதன் நுண்மையால் வருகிறது என்று அரசக் கழகத்தின் பேக்கரியன் சொற்பொழிவில் விளக்கினார். நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் வெளியே பச்சையாகவும் தெரிவதற்கும் இத்தகைய பொன், வெள்ளித் துகள்களே காரணம். ஆனால் கிண்ணத்தைச் செய்தவர் விட்டுச்சென்றது கிண்ணத்தை மட்டுமே. பாரடே விட்டுச்சென்றது ஒரு காரணத்தை. துகளின் அளவை அவரால் அளக்க முடியவில்லை என்பது உண்மை. 1861இல் தாமஸ் கிரகாம் கூழ்மம் என்ற கருத்தை வகுத்தார். 1903இல் சிக்மாண்டியும் சீடன்டோப்பும் மீநுண்ணோக்கியால் தனித்தனித் துகள்களின் ஒளிப்புள்ளிகளைக் கண்டனர். 1908இல் குஸ்டாவ் மீ கோள வடிவத் துகள் ஒளியைச் சிதறடிக்கும் கணக்கை எழுதினார்.

அந்தத் தொடரில் பெங்களூருக்கும் இடம் உண்டு, பெரும்பாலும் மறக்கப்பட்ட இடம். 1933இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த சி. வி. இராமனிடம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்த ஆர். எஸ். கிருஷ்ணன் சேர்ந்தார். கூழ்மங்கள் ஒளியைச் சிதறடிக்கும்போது, படும் ஒளியின் முனைவாக்கத்துக்கும் சிதறும் ஒளியின் முனைவாக்கத்துக்கும் இடையே ஒரு தலைகீழ் ஒப்புமை இருப்பதை அவர் 1930களின் நடுவில் நிறுவினார். கிருஷ்ணன் விளைவு என்று அது இலக்கியத்தில் இடம்பெற்றது. துகள் எவ்வளவு பெரிது, கோளமா அல்லவா என்பதை ஒளியைக் கொண்டே அறியும் வழி அது. நானோ என்று யாரும் சொல்லாத காலத்தில் இந்த நகரில் நானோத் துகளின் அளவு ஆய்வுக்குரிய கேள்வியாக இருந்திருக்கிறது.

நானோத் தொழில்நுட்பம் என்ற சொல்லை 1974இல் ஜப்பானின் நோரியோ தனிகுச்சி துல்லியப் பொறியியலுக்காகப் பயன்படுத்தினார். 1981இல் வருடும் ஊடுபுழை நுண்ணோக்கி அணுக்களைத் தனித்தனியே காட்டிய பிறகு சொல்லுக்கு உயிர் வந்தது. 1985இல் ஃபுல்லரீன், 1991இல் சுமியோ இஜிமாவின் கார்பன் நானோக் குழாய், 2004இல் கிராஃபீன் என்று கார்பன் குடும்பம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டது. குழாய்களின் நுண்ணோக்கிப் படங்களை 1952இலேயே சோவியத் ஆய்வாளர்கள் ராதுஷ்கெவிச்சும் லுக்யானோவிச்சும் வெளியிட்டிருந்தனர். ரஷ்ய மொழி இதழில் வந்ததால் உலகம் கவனிக்கவில்லை. தாய்மொழியில் அறிவியல் எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி அது. நானோக் குழாய் இன்று லித்தியம் மின்கலங்களின் மின்முனையில் கடத்துதிறனைக் கூட்டுகிறது. 2023இல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் புள்ளிகள் தொலைக்காட்சித் திரைகளுக்கு நிறம் தருகின்றன. பெங்களூரில் சி. என். ஆர். ராவின் குழு 2000இல் ஒய் வடிவக் கிளை கொண்ட நானோக் குழாய்களை வளர்த்தது. 2003இல் அஜய் சூட் குழு, நானோக் குழாய்க் கற்றையின்மேல் நீர் ஓடினால் மின்னழுத்தம் பிறப்பதைச் சயன்ஸ் இதழில் காட்டியது. 2007இல் ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிய நானோ இயக்கத்தை வழிநடத்தியவரும் ராவ்தான். பணமும் கருவியும் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. ஆலைக்குச் சென்ற ஆய்வுகள் சில.

அந்தச் சிலவற்றுள் தனித்து நிற்பது தண்ணீர். 2003 பிப்ரவரியில் புட்டித் தண்ணீரிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தது. நாடு கொந்தளித்தது. அதே ஆண்டு, பெங்களூரிலிருந்து 1932 முதல் வெளிவரும் கரண்ட் சயின்ஸ் இதழில் சென்னை ஐ.ஐ.டி.யின் தலப்பில் பிரதீப்பும் அவருடைய மாணவர் ஸ்ரீகுமாரன் நாயரும் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற ஹாலோகார்பன்களை வெள்ளி, தங்க நானோத் துகள்கள் அறை வெப்பநிலையிலேயே சிதைத்து, உலோகக் குளோரைடாகவும் உருவற்ற கரியாகவும் மாற்றுகின்றன என்பது அது. கட்டி வெள்ளி இதைச் செய்யாது. காரணத்தின் ஒரு பகுதியைக் கணக்கே காட்டும். ஒரு கிராம் வெள்ளிக் கனசதுரத்தின் புறப்பரப்பு ஏறத்தாழ ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் ஏறத்தாழ 57 சதுர மீட்டர், ஒரு சிறு வீட்டின் தரைப்பரப்பு. வினை நடப்பது பரப்பில். பரப்பிலும் விளிம்பிலும் நிற்கும் அணுக்களுக்குப் பிணைப்புக் குறைவு, வினைத்திறன் கூடுதல்.

எண்டோசல்பான், குளோர்பைரிபாஸ், மாலத்தியான் ஆகியவற்றுக்கும் இது பொருந்துமா என்று குழு சோதித்தது. காசர்கோட்டில் எண்டோசல்பானின் கொடுமை பேசப்பட்டுவந்த காலம் அது. அலுமினாக் குருணைகளின்மேல் வெள்ளித் துகளைப் பதித்து வடிகட்டிப் பொதியாக்கும் முறையை யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் ஏற்று, 2007இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நானோ வேதியியலை அடிப்படையாகக் கொண்டு பூச்சிக்கொல்லியை நீக்கும் குடிநீர் வடிகட்டி இல்லங்களுக்கு வந்தது அதன் வழியே. இரண்டாண்டு கழித்து டாடா நிறுவனம் நெல் உமிச் சாம்பலில் வெள்ளித் துகளைப் பதித்த சுவச் வடிகட்டியை, மின்சாரமும் குழாய் நீரும் இல்லாத வீடுகளுக்காக ஆயிரம் ரூபாய்க்குள் விற்கத் தொடங்கியது.

பிரதீப்பின் அடுத்த பணி ஆர்சனிக். உலகச் சுகாதார அமைப்பு குடிநீரில் அதற்கு வைத்த எல்லை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்காளத்தின் பல நிலத்தடி நீர்நிலைகள் அதைப் பன்மடங்கு மீறுபவை. இரால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானின் கூட்டுக்குள் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடை நானோ அளவில் அடைத்துவைத்தால், அது படிகமாக வளர்ந்து செயலிழப்பதில்லை. ஆர்சனிக்கைப் பற்றிக்கொண்டே இருக்கிறது. 2013இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளியான கட்டுரை, இத்தகைய கூட்டுப்பொருட்களால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் நல்ல நீர் தரலாம் என்று கணக்கிட்டது. அம்ரித் என்ற பெயரில் இந்தத் தொழில்நுட்பம் பல மாநிலங்களில் நிறுவப்பட்டது. இக்கட்டுரைகளில் பாராட்டத்தக்கது வடிகட்டும் திறன் மட்டுமன்று. எவ்வளவு வெள்ளி நீரில் கசிகிறது, இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் அது நிற்கிறதா, எத்தனை லிட்டருக்குப் பின் பொதி தீரும் என்ற எண்கள் அவற்றின் மையத்தில் இருக்கின்றன.

எண்கள் எதிர்த்திசையில் பேசிய நிகழ்வும் நம் காலத்திலேயே நடந்தது. 2021இல் இஃப்கோ நிறுவனம் நானோ யூரியாவை அறிமுகப்படுத்தியது. மேலுரமாக இடும் ஒரு மூட்டை யூரியாவுக்கு 500 மில்லிலிட்டர் புட்டி ஒன்று ஈடு என்றது. புட்டியில் நைட்ரஜன் 4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 கிராம். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு, ஏறத்தாழ 20 கிலோ. ஆயிரம் மடங்கு இடைவெளியை இலைவழி உட்கவர்தல் மட்டும் நிரப்புமா என்பது பள்ளிக் கணக்கு அறிந்தவரும் கேட்கக்கூடிய கேள்வி. 2023இல் டென்மார்க்கைச் சேர்ந்த இரு பயிர் அறிவியலாளர்கள் அதை ஆய்விதழில் கடுமையாகக் கேட்டனர். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஈராண்டு வயல் சோதனை, நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சலும் தானியத்தின் புரதமும் குறைந்ததைப் பதிவுசெய்தது. நிறுவனம் தன் சோதனைகளைக் காட்டி மறுத்தது. 2024இல் நைட்ரஜன் செறிவைப் பன்மடங்கு கூட்டிய புதிய வகை வந்தது. இறக்குமதி உரத்துக்கு அரசு சுமக்கும் மானியத்தை எண்ணும்போது முயற்சி நியாயமானதே. ஆனால் சோதனை முதிர்வதற்கு முன் பெயர் விற்பனைக்கு வந்துவிட்டது. தவறினால் இழப்பு உழவருடையது, ஒரு பருவம் முழுவதும்.

பாதுகாப்புக் கேள்விகளும் அளவைச் சார்ந்தவையே. உணவில் வெண்மை சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடைசெய்தது. அதில் ஒரு பகுதி நானோத் துகள்களாக இருப்பதும் அந்த ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மூச்சில் சேரும் கார்பன் பிளாக் தூளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ரப்பருக்குள் பிணைந்து கிடப்பது ஒன்று, ஆலையில் மூட்டை கட்டுபவரின் மூச்சில் பறப்பது இன்னொன்று. இந்தியாவில் உயிரித்தொழில்நுட்பத் துறை நானோ மருந்துகளுக்கு 2019இலும், வேளாண் இடுபொருள்களுக்கும் உணவுக்கும் 2020இலும் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டுள்ளது.

இவையெல்லாம் நம் கல்லூரி ஆய்வகங்களை எப்படித் தொடுகின்றன? தமிழகத்தின் வேதியியல், தாவரவியல் துறைகளில் பசுமைத் தொகுப்பு என்ற பெயரில் ஆண்டுதோறும் ஏராளமான ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் ஓர் இலையின் சாற்றைச் சேர்த்தால் கரைசல் பழுப்பாகும். நானோத் துகள் கிடைத்தது என்று பொருள். வேம்பு, துளசி, நொச்சி என்று இலை மட்டும் மாறும். ஆவாரை இலையிலும் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். சாற்றில் எந்த மூலக்கூறு வெள்ளியை ஒடுக்கியது, எது துகளை வளரவிடாமல் போர்த்தியது, மழைக்காலத்து இலையும் கோடைக்காலத்து இலையும் ஒரே அளவைத் தருமா என்ற கேள்விகளுக்குப் பல ஏடுகளில் விடை இல்லை. புக்கானன் கண்ட மூசையிலும் ஆவாரங்குச்சி காரணம் தெரியாமல்தான் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தக் கொல்லரிடம் மின்னணு நுண்ணோக்கி கிடையாது, அவருடைய உருக்கை வாங்க பாரசீகத்தில் ஆள் இருந்தது.

ஆய்வேடுகளில் துகளின் அளவு பெரும்பாலும் எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் கோட்டின் அகலத்திலிருந்து, 1918இல் பால் ஷெரர் தந்த சமன்பாட்டால் கணக்கிடப்படுகிறது. அந்தச் சமன்பாடு தருவது படிகப் பகுதியின் அளவு. ஒரு துகளுக்குள் பல படிகப் பகுதிகள் இருக்கலாம். கருவியின் சொந்த அகலத்தையும் திரிபையும் கழிக்காவிட்டால் எண் மேலும் பிழைபடும். ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில் சில நூறு துகள்களையாவது எண்ணி, பரவலை வரைந்து காட்டினால்தான் அளவைப் பற்றிப் பேச முடியும். கருவி இல்லை என்ற விடை முழுவதும் செல்லாது. இந்திய அறிவியல் கழகமும் மும்பை ஐ.ஐ.டி.யும் 2008 வாக்கில் தொடங்கிய இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டம், பிற கல்லூரி மாணவர்கள் முன்மொழிவு அனுப்பித் தம் ஆய்வைத் தங்கள் தூய அறைகளிலும் அளவைக் கூடங்களிலும் வந்து செய்ய வழி வைத்திருக்கிறது; சென்னை ஐ.ஐ.டி.யும் பின்னர் அதில் சேர்ந்தது. முன்மொழிவில் முதலில் எழுத வேண்டியது, எந்த அளவை எதற்காக அளக்கப் போகிறோம் என்பது.